இரண்டு நாள் தூரத்தில் துபாய்

துபாயிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நாலு மணி நேரம். இன்றைக்குக் கைபேசியைத் தட்டினால் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது அவ்வளவு சுலபமாகத் தெரிகிற விஷயமாக இல்லை. எனக்கு அது தெரியவந்த விதத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

நரைக்குச் சாயம் அடிக்கிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். போன மாதம் பள்ளித் தோழிகள் கூடியபோது ஒருத்தி, "பழசையெல்லாம் விட்டாச்சுடி, மனசு லேசா இருக்குது" என்றாள். எல்லோரும் தலையை ஆட்டினோம். நானும்தான் ஆட்டினேன். ஆனால் நான் எதையும் விடவில்லை. விட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட் பக்கம் குடியிருந்தவர்களை அவர்களுடைய செருப்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எத்தனை கழுவினாலும் வெள்ளை போகாது. வேப்பமரத்து இலைகூட அங்கே பாதி வெள்ளைதான். மழை பெய்தால் சாக்கடையில் பால் ஓடுவதுபோல் மண் கரைந்து ஓடும். உடைந்த ஃபியூஸ் கட்டைகளும் மூக்கு கோணிய பொம்மைகளும் சூளைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். எங்களுக்கு அவைதான் விளையாட்டுச் சாமான்.

அந்த எஸ்டேட்டில் பெரியப்பாவுக்கு ஒரு யூனிட் இருந்தது. பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். வருஷம் முழுக்க மின்சாரத்துக்கான பீங்கான் கட்டைகள் செய்வார்கள். ஆடி பிறந்துவிட்டால் நவராத்திரிக்குக் கொலு பொம்மைகள். அம்மா அங்கே வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மையின் ஓரங்களை ஈரப் பஞ்சால் துடைத்து, கண் காது மூக்கைத் திருத்துகிற வேலை. வீட்டுக்கு வரும்போது அம்மாவின் முன்கை முழுக்க மண் காய்ந்து வெடித்திருக்கும். நான் அதை உரித்து எடுப்பேன். அம்மா கூசிக்கொண்டு சிரிப்பாள்.

அப்பா துபாயில் டைல்ஸ் ஒட்டுகிற வேலையில் இருந்தார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பெரியப்பா வீட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா கூப்பிடுவார். நாங்கள் அரை மணி முன்னாலேயே போய்க் கூடத்தில் உட்கார்ந்திருப்போம். முதலில் பெரியப்பா பேசுவார். அவர் பேசி முடித்த பிறகு அம்மாவின் கைக்கு வரும் ரிசீவரில் வெற்றிலை வாசனை அடிக்கும். அம்மா பேசும்போதும் பெரியப்பா எழுந்து போகமாட்டார். போன் வைத்த மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். அம்மா "சாப்ட்டீங்களா, ஒடம்பு நல்லாருக்குதா" என்பதற்கு மேல் எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

துபாய் எவ்வளவு தூரம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அப்பாவை முதல் தடவை ஏஜெண்ட் ரயிலில் பம்பாய்க்குக் கூட்டிப்போய், அங்கே ஒரு அறையில் தங்கவைத்து விமானம் ஏற்றினான். பெரியப்பாவும் கூடவே பம்பாய் வரை போய்விட்டு வந்தார். அதனால் விமான விஷயத்தில் அவர்தான் எங்களுக்கு அதிகாரி. "நடுவுல பம்பாயில எறங்கி மாறணும். எப்படிப் பாத்தாலும் ரெண்டு நாளு ஆவும். எறநூறு மைலா என்னா, கடலத் தாண்டணும்ல" என்பார். விடுப்பில் வந்திருந்தபோது அப்பா ஒரு தடவை அம்மாவிடம், "பக்கம்தான். சாப்பாடு குடுத்து தட்ட வாங்கறதுக்குள்ள மெட்ராஸ் வந்துடும்" என்று சொன்னார். தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். "ஆமாமாம், அடுத்த தெருதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, ஆவணி மாதத்தில், அம்மா செத்துப்போனாள்.

பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட வந்தவள் கலரக்கா. யூனிட்டில் பொம்மைகளுக்கு வர்ணம் அடிப்பவள் என்பதால் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். விரல் முழுக்க நீலச் சாயத்தோடு வந்து நின்றாள். "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, வா" என்றாள். வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டிப் புடவை மாற்றி எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு கைகளிலும் முழங்கை வரை மஞ்சளைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். வலது உள்ளங்கையில் வெள்ளைத் துணி சுற்றி மடக்கியிருந்தது. நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மஞ்சள் வாசனைக்கு அடியில் வேறு ஒரு வாசனை இருந்தது. அடுப்பில் கோழி இறகு விழுந்தால் வருமே, அதுபோல. பெரியப்பா குனிந்து என் மடியிலிருந்து அந்தக் கையை எடுத்து அம்மாவின் நெஞ்சில் வைத்தார். "தள்ளி ஒக்காரும்மா பாப்பா" என்றார். வந்தவர்களிடம் எல்லாம் "நெஞ்சு வலி. உக்காந்த எடத்துலயே சாஞ்சிடுச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சேத்தியாத்தோப்பிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். வயலில் நின்ற வேட்டியோடு, காலில் சேறு காயாமல் வந்தார். அழுது முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்ளைக்குச் சொல்லியாச்சா?"

"காலைலயே போன் பண்ணிட்டேன் மச்சான்" என்றார் பெரியப்பா. "ஃப்ளைட்டு புடிச்சி வர ரெண்டு நாளு ஆவுமாம். அதுவரைக்கும் வச்சிருக்க வேணாம், முடிச்சிடுங்கன்னு சொல்லிட்டான்."

"மாப்ளையா அப்படிச் சொன்னாரு?"

"அவந்தான். அழுவுறான் பாவம். அவனால என்னா பண்ண முடியும்?"

"ஐஸ் பொட்டி எடுத்தாந்து வச்சிக்கலாமே. ரெண்டு நாளு தான? மொகத்தப் பாக்கட்டுமே."

"அவனே வேணாம்ங்கறான், நீங்க ஏன் மச்சான் சங்கடப்படுத்துறீங்க?"

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் அம்மாவைத் தூக்கிவிட்டார்கள். மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து, வாசலிலேயே நின்று, "என் தங்கச்சி மொகத்தப் பாக்கணும்னுகூடத் தோணலியே அந்தாளுக்கு" என்று சொல்லி மாமா பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் அப்பா வந்து நின்றார்.

பையின் கைப்பிடியில் விமானக் கம்பெனிக்காரன் ஒட்டிய சீட்டு கிழியாமல் இருந்தது. அப்பாவின் பேண்ட் முழங்காலில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் விழுந்து, தரையை உள்ளங்கையால் அறைந்து அறைந்து அழுதார். பிறகு பெரியப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து காலைல நீ போன் பண்ணதும் ஓடியாறேண்ணா. ஒரே ஒரு நாளு வச்சிருக்கக் கூடாதாண்ணா?"

பெரியப்பா அவர் தலையைத் தடவினார். "நான் வச்சிருக்கலாம்னுதான்டா சொன்னேன். ஒன் மச்சான்தான் ஒத்துக்கல. பொண்ணு எங்க வூட்டுப் பொண்ணு, கெடந்து நாற விடமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னுட்டான்."

நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். மாமா ஐஸ் பெட்டி கேட்டதை என் காதால் கேட்டிருந்தேன். பெரியப்பா என்னைப் பார்த்தார். ஒரு பூனை அங்கே உட்கார்ந்திருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார். பெரியவர்கள் அந்தக் காலத்தில் அந்தத் தப்பைத்தான் செய்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்குக் காது இருக்கிறது என்பதே அவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை.

அப்பா அன்றே சத்தியம் செய்தார், இனிமேல் மச்சான் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று. அங்கே மாமாவும் அதே சத்தியத்தைச் செய்திருந்தார். பெரியப்பாவுக்கு வேண்டியது அதுதான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத வரைக்கும் அவர் சொன்ன இரண்டு பொய்யும் தனித்தனியாக உயிரோடு இருக்கும். ஆனால் எனக்கு அது அப்போது முழுதாகப் புரியவில்லை. 

ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கூடம் போனேன். என் பக்கத்தில் உட்காருகிறவள் மங்கலம்பேட்டைப் பெண். அவளுடைய அத்தாவும், அதாவது அப்பாவும், துபாய்தான். அவள் ஊரில் தெருவுக்குப் பாதி ஆண்கள் அங்கேதான் இருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது, அழுகையை நிறுத்தவேண்டும் என்பதற்காக அவள் என்னிடம் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒங்கப்பா வந்துட்டாங்கல்ல, அது போதும்டி."

"ரெண்டு நாளு வழி. வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க" என்றேன்.

"ரெண்டு நாளா? யாரு சொன்னா?" அவள் டிபன் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "துபாய்ல ஏறுனா நாலு மணி நேரத்துல மீனம்பாக்கம். அங்கேருந்து மங்கலம்பேட்டைக்கு வர்றதுக்குத்தான்டி அதவிட அதிகமா ஆவும். எங்கத்தா அதச் சொல்லிச் சொல்லித் திட்டுவாங்க. கடலத் தாண்டிட்டேன், திண்டிவனத்தத் தாண்ட முடியலன்னு."

நான் நம்பவில்லை. அவள் கோபித்துக்கொண்டு, மாலையில் புவியியல் ஆசிரியையிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவர் அட்லஸை விரித்தார். ஒரு நூலைச் சென்னை மேல் வைத்து துபாய் வரைக்கும் இழுத்து, அதை அளவுகோலில் வைத்துப் பார்த்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "சிங்கப்பூர் பார், அதுவும் கிட்டத்தட்ட இதே தூரம்தான். நமக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்று நூலை மறுபக்கம் திருப்பிக் காட்டினார். விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் பறக்கும் என்றார். நீயே வகுத்துப் பார் என்று சாக்பீஸைக் கொடுத்தார். நாலுக்குள் வந்தது. ஏறி இறங்குகிற நேரம் சேர்த்தால் நாலு, நாலேகால்.

கரும்பலகையில் என் கையெழுத்தில் இருந்த அந்த நாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவை எடுத்த அன்று காலையிலேயே சொல்லியிருந்தால், கம்பெனியில் பாஸ்போர்ட் வாங்கி டிக்கெட் எடுத்தாலும் மறுநாள் மத்தியானத்துக்குள் அப்பா வந்திருப்பார். அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பார். கையைப் பார்த்திருப்பார்.

கையைப் பார்த்திருப்பார் என்று நினைத்ததும் மஞ்சளுக்கு அடியில் இருந்த அந்தக் கருகல் வாசனை நினைவுக்கு வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்து நேராக யூனிட்டுக்குப் போனேன். அப்பா வந்திருந்ததால் பெரியப்பா அவரோடு கருமாதிக்குச் சாமான் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். மண் கலக்குகிற தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கொட்டகையில் எல்லாம் வெள்ளை. சுவர், கயிறு, காலண்டர், சாமி படம், குடிதண்ணீர்ப் பானையின் மூடி எல்லாவற்றின் மேலும் தூசி. தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த சுவிட்சுப் பெட்டி மட்டும் கறுப்பாகப் பளபளவென்று புதிதாக இருந்தது. அதற்கு வந்த ஒயரும் புதிது. அம்மா பல நாள் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறாள், "அந்த சுவிட்சு மூடி ஒடஞ்சி கெடக்குது, ஈரக் கையோட தொடவே பயமா இருக்குது. ஒங்க பெரியப்பாகிட்ட சொன்னா பொம்ம சீசன் முடியட்டும்ங்கிறாரு" என்று.

கலரக்கா என் பின்னால் வந்து நின்றாள். நான் சுவிட்சைக் காட்டினேன்.  அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் கட்டையால தள்ளிவுட்டேன் பாப்பா. கை வரல. ஒட்டிக்கிச்சி" என்றாள். "ஆஸ்பத்திரிக்குக்கூடத் தூக்கல. போலீஸு வரும், சீல் வச்சிடுவான், நம்ம எல்லாரு பொழப்பும் போயிடும்னாரு. மஞ்சள அரைச்சிக் குடுத்ததும் நான்தான். என்னை ஒண்ணும் கேக்காத."

கரண்ட் கையில் படாமல் இருப்பதற்காகப் பீங்கான் கட்டை செய்து ஊரெல்லாம் அனுப்புகிற இடத்தில் அம்மா கரண்ட் அடித்துச் செத்திருக்கிறாள். நான் அழவில்லை. அன்றோடு அழுகை நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாக வந்ததை நான் இப்போதும் மறக்கவில்லை. காய்ச்சல் விட்டதும் ஒரு தெளிவு வருமே, அப்படி இருந்தது. பசி எடுத்தது. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அப்பாவிடம் உடனே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அப்பா அண்ணனிடம் போய் அழுதுகொண்டே கேட்பார். பெரியப்பா தலையைத் தடவி மூன்றாவதாக ஒரு பொய் சொல்வார். நாலு சுவருக்குள் முடிந்துவிடும். எனக்கு அது போதாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடி, அவர் தோளில் துண்டோடு பெரிய மனிதராக நடுவில் நிற்கிற நேரம் வேண்டும். கருமாதிக்கு ஆறு நாள் இருந்தது. நான் காத்திருந்தேன். அந்த ஆறு நாளும் பெரியப்பாவுக்கு நானே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "தங்கமான புள்ள" என்றார்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பிச் சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறினேன். தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. மாமா என்னைப் பார்த்ததும் அழுதார். நான் அழவில்லை என்பதைப் பார்த்ததும் அவர் அழுகை நின்றது.

"மாமா, அப்பாவுக்கு நீங்க பால் தெளிச்ச அன்னிக்குக் காலைலதான் போன் போச்சி. மொத நாளு யாரும் போன் பண்ணல."

"என்னாம்மா சொல்ற?"

"முடிச்சிடுங்கன்னு அப்பா சொல்லல. நீங்கதான் அவசரப்பட்டீங்கன்னு அப்பாகிட்ட சொல்லி வச்சிருக்காங்க. துபாய் ரெண்டு நாளு இல்ல மாமா. நாலு மணி நேரம்."

மாமா மாட்டுத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அப்படியே நின்றார். "ஏன் அப்படிச் செய்யணும் அவரு?" என்றார்.

"அம்மா கைய அப்பா பாத்துடுவாங்கன்னு" என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். அப்போதே அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப வேணாம் மாமா. கருமாதிக்கு கோடி எடுத்துக்கிட்டு வாங்க. எல்லாரும் இருக்கறப்ப வாங்க." என் குரலைக் கேட்டு மாமா என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது.

கருமாதி அன்று வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பங்காளிகள் வந்திருந்தார்கள். எஸ்டேட்டிலிருந்து மற்ற யூனிட் முதலாளிகள், பெரியப்பாவின் ஆட்கள், கலரக்கா எல்லோரும் இருந்தார்கள். மாமா கோடிப் புடவையோடு வந்து நின்றதும் அப்பா எழுந்து உள்ளே போகப் பார்த்தார். பெரியப்பா அவசரமாக அப்பாவின் தோளைப் பிடித்து, "நீ உள்ள போடா, நான் பாத்துக்கறேன்" என்றார். வந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகவும் சொன்னார்: "என்னா பண்றது, தம்பி கடல் கடந்து கெடக்கறான். ரெண்டு நாளு வழி. நெனச்சா வர முடியுதா?"

அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். அதை அவராகவே சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா" என்றேன். பந்தலில் எல்லோருக்கும் கேட்டது. "துபாய்லேருந்து மெட்ராஸுக்கு ஃப்ளைட்டு எத்தினி மணி நேரம்?"

அப்பா வாசற்படியில் திரும்பினார். "நாலு மணி நேரம். ஏம்மா?"

"பெரியப்பா ஒங்களுக்கு எப்ப போன் பண்ணாங்க?"

"எடுத்த மறுநாளு காலைல. வேன் ஏற நிக்கறேன், சூப்பர்வைசர் வந்து கூப்புட்டான்."

மாமா கோடியைக் கீழே வைத்தார். "மாப்ள, எடுக்கறதுக்கு முன்னாடியே ஒங்ககிட்ட பேசிட்டேன், வச்சிருக்க வேணாம்னு நீங்க சொன்னீங்கன்னு ஒங்கண்ணன் என்கிட்ட சொன்னாரு. இதோ, இந்த எடத்துலதான் சொன்னாரு."

"நானா?" என்றார் அப்பா. "நீங்கதான வச்சிருக்க வுடலன்னு..."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பெரியப்பாவைப் பார்த்தார்கள். பந்தலே பார்த்தது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பதட்டத்துல என்னா சொன்னேனோ... சாவு வூட்ல இதெல்லாம் ஒரு பேச்சா?"

"அம்மா கையில ஏன் மஞ்சள் பூசுனீங்க?" என்று கேட்டேன். "புது சுவிட்சு ஏன் போட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை பூனையைப் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. அந்த முகத்தை எத்தனையோ வருஷமாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு அலுத்ததில்லை.

கலரக்கா எழுந்து நின்றாள். அவளை யாரும் கேட்கவில்லை. நீலம் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மாமா பெரியப்பாவின் சட்டையைப் பிடித்திருந்தார். பத்துப் பேர் சேர்ந்து பிரித்தார்கள். அப்பா அடிக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, "ஆஸ்பத்திரிக்காவது தூக்கியிருக்கலாமேண்ணா, உசுரு இருந்திருக்குமேண்ணா" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பாவை அன்று நான் கோழை என்று நினைத்தேன். இப்போது அவருடைய அந்த வயதைத் தாண்டிவிட்டேன். தகப்பன் இல்லாத குடும்பத்தில் அப்பாவை வளர்த்த அண்ணன் பெரியப்பா. கையை ஓங்கக்கூட அந்த உடம்புக்குப் பழக்கம் இல்லை. இது இன்றைக்குப் புரிகிறது. புரிந்தும் எனக்கு ஆற்றாமைதான்.

மாமாவும் அப்பாவும் போலீஸ் ஸ்டேஷன் போனார்கள். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உடம்பு இருந்தால் பரிசோதனைக்கு அனுப்பலாம், சாம்பலை மணிமுத்தாற்றில் கரைத்துவிட்டு வந்து நின்றால் எதை அனுப்புவது என்று கேட்டாராம். அவர் கேட்டது நியாயம்தான். பெரியப்பா அவசரமாக எரித்ததும் அதற்காகத்தான். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடி, போனது போய்விட்டது, அண்ணன் தம்பி பிரிய வேண்டாம் என்று ஆரம்பித்தார்கள். பெரியப்பாவே ஆள் சொல்லி அனுப்பினார். "தம்பி இனிமே துபாய்க்குப் போவ வேணாம். யூனிட்ட ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாம். பாப்பா கல்யாணம் என் பொறுப்பு." அந்த ஆள் மூன்று நாள் வந்தான்; அப்பா ஒவ்வொரு நாளும் அவனை உட்காரவைத்துக் கேட்டார். அவர் மனம் இளகுவது எனக்குத் தெரிந்தது.

நான்காம் நாள் காலையில் யூனிட்டுக்குப் போனேன். நவராத்திரிக்கு அனுப்பவேண்டிய பொம்மைகள் பலகைகளில் அடுக்கியிருந்தன. ஒரு பக்கம் பச்சைப் பொம்மைகள். இன்னொரு பக்கம் சூளையிலிருந்து எடுத்து வர்ணம் அடித்து முடித்தவை. பச்சையை உடைத்துப் பிரயோஜனமில்லை. தொட்டியில் போட்டால் மறுபடி மண்ணாகிவிடும். வெந்ததை ஒன்றும் செய்ய முடியாது. எஸ்டேட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வெந்த பக்கம் போனேன். முதல் பொம்மையை எடுத்துச் சிமெண்டுத் தரையில் போட்டேன். பிறகு அடுத்தது. கோபத்தில் கண்மூடித்தனமாக உடைக்கவில்லை. வரிசையாக எடுத்தேன். செட்டியார், செட்டியாரம்மா, தவில்காரர், கல்யாணக் கூட்டம், பசுவும் கன்றும். வேலைக்கு வந்த பெண்கள் வாசலில் நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. கலரக்காவும் நின்றாள். அவள் அடித்த வர்ணம்தான் அத்தனையும். அவளும் தடுக்கவில்லை.

பெரியப்பா ஓடி வந்தார். முதல் பலகை காலியாகியிருந்தது. என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் மண் மூட்டையின் மேல் உட்கார்ந்து கையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"ஒட பாப்பா" என்றார். "ஒன் ஆத்திரம் தீர்ற வரைக்கும் ஒட. எல்லாத்தையும் ஒட. அதோட முடிச்சிக்கலாம். அப்பறமா பெரியப்பான்னு வா."

என் கையில் ஒரு கிருஷ்ணர் இருந்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது. இந்தப் பொம்மைகளை விலையாகக் கொடுத்து பெரியப்பா அம்மாவின் சாவுக்கு ஈடுகட்டப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கடைசிப் பொம்மை உடைந்ததும் கணக்குத் தீர்ந்துவிடும். அவர் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். கிருஷ்ணரைப் பலகையில் அவருடைய இடத்திலேயே வைத்தேன். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"முடிச்சிக்க வேணாம் மொதலாளி" என்றேன். "இருக்கட்டும்."

அந்தப் பெண்கள் அவரைக் கூப்பிடுகிற அதே சொல். அவர் நிமிர்ந்து பார்த்தார். அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார். வாசலில் நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு நான் வெளியே வந்தேன். அன்று அவர்களில் யாரும் வேலைக்கு உள்ளே போகவில்லை. அந்தக் கொட்டகையின் ஒயர் முழுவதையும் மாற்றாமல் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் அந்த யூனிட்டிலிருந்து கொலுவுக்குப் பொம்மை போகவில்லை.

நடந்ததைக் கேள்விப்பட்ட அப்பா, பெரியப்பா அனுப்பிய ஆளிடம் "பாப்பா சொன்னதுதான்" என்று ஒரே வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார். என்னை மாமா வீட்டில் விட்டுவிட்டுத் துபாய்க்குத் திரும்பிப் போனார். மாமாதான் மெட்ராஸ் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தார். நான் சேத்தியாத்தோப்பிலேயே படித்து முடித்தேன்.

பெரியப்பா அதன் பிறகு எத்தனையோ தடவை வந்தார். பொங்கலுக்குத் துணி எடுத்துக்கொண்டு வருவார். பரீட்சையில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியதைக் கேட்டு இனிப்போடு வந்தார். நான் ஒரு நாளும் கதவைச் சாத்தியதில்லை. முகத்தைச் சுளித்ததில்லை. "வாங்க மொதலாளி, ஒக்காருங்க மொதலாளி" என்று நாற்காலி போடுவேன். தண்ணீர் கொடுப்பேன். திட்டமாட்டேனா என்று ஏங்கியது அவர் முகத்தில் தெரியும். திட்டினால் பதில் சொல்லலாம், காலில் விழலாம், அழலாம். நான் அதற்கு இடம் தரவில்லை. என் கல்யாணத்துக்கு வந்து அட்சதை போட்டபோதும், மாப்பிள்ளையிடம் "இவரு எங்க ஊர்ல மொதலாளி" என்றுதான் சொன்னேன். அவர் கையிலிருந்த அட்சதை என் புடவையில் பாதி, தரையில் பாதி விழுந்தது.

போன வருஷம் அவர் படுத்த படுக்கையானார். ஆள் அனுப்பினார்கள். நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்குப் போக வேண்டியிருந்தது. கட்டிலில் பாதியாகக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் பெரியம்மாவை வெளியே போகச் சொல்லிக் கையை அசைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை.

"ஒரே ஒரு தடவ" என்றார். "பெரியப்பான்னு சொல்லிடு பாப்பா. ஒரு தடவ."

கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன். தலையணையைச் சரிசெய்தேன். பக்கத்தில் இருந்த தம்ளரை எடுத்து, தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் உதட்டருகே கொண்டுபோனேன்.

"தண்ணி குடிங்க மொதலாளி" என்றேன்.